வாடிப்போன போன்சாயை மீட்பது: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

இலை உதிரத் தொடங்கியதும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு வேலை பார்த்துவிடுகிறார்கள். தண்ணீரை ஊற்றி, உரத்தைப் போட்டு, சட்டியை மாற்றி, காய்ந்த கிளையோடு பச்சைக் கிளையையும் வெட்டிவிடுகிறார்கள். நோயைத் தாங்கியிருக்கக்கூடிய மரம் இந்த வைத்தியத்தைத் தாங்காமல் போய்விடுகிறது.

மெலிந்த மரத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் போதும். அந்த மாற்றங்களின் வரிசையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மலேசியாவின் தாப்பா, பீடோர் மாதிரியான தோட்டப்புற ஊர்களின் வானிலைதான் இதற்குக் கணக்கு: பகலில் 32, 33 பாகை வெயில், பிற்பகலில் இடியோடு மழை, இரவிலும் புழுக்கம். ஜப்பானியக் காணொளிகளில் வரும் வசந்தகாலச் சட்டி மாற்றமும் பனிக்கால ஓய்வும் நமக்குக் கிடையாது. மழை அதிகமுள்ள மாதங்கள், குறைவான மாதங்கள் என்ற இரண்டுதான் நம் பருவம். மேற்குக் கரையில் ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும் சட்டி மரங்களுக்குச் சோதனைக் காலம்.

1. இரண்டு நாள் எதுவும் செய்யாதீர்கள்

மரத்தை வெளிச்சமான நிழலுக்கு மாற்றுங்கள். கூரையோரம், காலை வெயில் 1 மணி நேரம் படும் இடம், மழைத்தண்ணீர் நேராக விழாத இடம். வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் வரவேற்பறை, மரத்துக்கு இருட்டறை. ஏர்கான் அறை இன்னும் மோசம்.

சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள். பகலில் சூடேறிய தரை, ஆழமில்லாத சட்டியின் வேரை வேகவைத்துவிடும். முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு பலகையோ பழைய மேசையோ போதும். கோழி வளர்க்கும் வீடு என்றால் இன்னும் உயரமாக வையுங்கள். கோழிக்குப் போன்சாய் மண்ணைக் கிளறுவதில் அலாதி ஆசை.

நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து "இலை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா" என்ற கேள்விக்கு நினைவை நம்ப முடியாது.

2. உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

மெல்லிய கிளையின் நுனியில் ஆரம்பியுங்கள். நகத்தால் 2 மி.மீ. அளவுக்குத் தோலைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்திருந்தால் ஒரு கணு கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். நுனியிலிருந்து தூர் வரை சுரண்டித் தள்ளுவது மரத்துக்குக் காயம், உங்களுக்குப் புதுத் தகவல் எதுவுமில்லை.

இச்சி, ஆல் வகைகளிலும் வாட்டர் ஜாஸ்மினிலும் கீறினால் பால் வரும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பழகிய குடும்பத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை: பால் வரும் பட்டை உயிருள்ள பட்டை. தண்ணீர் இல்லாமல் வாடிய மரத்தில் பால் குறைவாகவே கசியும். அதை மட்டும் வைத்து மரம் செத்துவிட்டதென முடிவு கட்டாதீர்கள், பட்டையின் நிறத்தையும் பாருங்கள்.

தூருக்கு அருகில், இரண்டு மூன்று பக்கத்திலும் பழுப்பு என்றால் மரம் போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் பச்சை என்றால் அந்தப் பக்கத்துக் கிளைகளைக் காப்பாற்றலாம்.

3. மரத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். ஒரே அறிகுறிக்கு ஒவ்வொரு மரத்திலும் வேறு பொருள் உண்டு.

ஃபைக்கஸ் என்று விற்கும் இச்சி: புதியவருக்கு ஏற்ற மரம் இதுதான். இடம் மாற்றினாலே இலை கொட்டும், அது நோயில்லை. வெறும் கட்டையிலிருந்தும் மறுபடி துளிர்க்கும்.

வாட்டர் ஜாஸ்மின்: சீன வியாபாரிகள் சுய்மெய் என்பார்கள். சின்ன வெள்ளைப் பூ கிளையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். தண்ணீர்ப் பிரியன். ஒரு நாள் முழுக்கக் காய்ந்தாலே இலையைக் கொட்டிவிடும், ஆனால் தூர் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் திரும்பி வரும்.

காகிதப்பூ: இதற்கு நேரெதிர். தொடர் மழையில்தான் கெடும். வேர் மெல்லியது, எளிதில் ஒடியும். மண்ணை முழுக்க உதறினால் பிழைப்பது கடினம்.

சவுக்கு: காய விட்டால் ஊசிகள் பழுப்பாகும், பழுப்பான கிளை திரும்பாது. வேரை அதிகம் வெட்டினாலும் பொறுக்காது.

ஜூனிப்பர்: கேமரன் மலைக்குப் போய்வரும்போது வாங்கி வருகிறார்கள். குளிர் வேண்டிய மரம், தாப்பா வெக்கையில் மெல்ல மெல்ல மெலியும். செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்பது இதன் குணம். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். இலையே இல்லாத கிளையில் இது மறுபடி துளிர்க்காது. முதல் மரமாக இதை வாங்காதீர்கள்.

பெயர் தெரியவில்லையென்றால் ஒரு இலை, ஒரு கிளை, தூர் மூன்றையும் படமெடுத்து நர்சரியில் காட்டுங்கள். நர்சரிகள் நிறைந்த சுங்கை பூலோ வரை போகத் தேவையில்லை, உள்ளூர் நர்சரியிலேயே மேலே சொன்ன ஐந்தையும் அடையாளம் சொல்வார்கள்.

4. காரணத்தைப் பிரித்தறியுங்கள்

குழப்பம் எல்லாம் ஒரே இடத்தில்தான். தண்ணீர் அதிகமானாலும் மரம் வாடும், குறைந்தாலும் வாடும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. சட்டி சேறாக இருக்கும்போதே மரம் தாகத்தில் சாகும். வாட்டத்தைப் பார்த்து இன்னொரு வாளி ஊற்றினால் கதை முடிந்தது. ஆகவே முதலில் இலையை விட்டுவிட்டு மண்ணைப் பாருங்கள்.

மண் ஈரம், இலை மஞ்சளாகி மெத்தென்று விழுகிறது, சட்டியின் ஓட்டையருகே முகர்ந்தால் சாக்கடை வாடை: வேர் அழுகல்.

மண் சுருங்கிச் சட்டி விளிம்பிலிருந்து விலகியிருக்கிறது, இலை ஓரம் மொறுமொறு, ஊற்றிய தண்ணீர் நொடியில் கீழே ஓடிவிடுகிறது: வேர்க்கட்டு (வேரும் மண்ணும் சேர்ந்த கட்டி) நடுவில் காய்ந்திருக்கிறது.

கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை பெரிதாகி வெளுத்திருக்கிறது: வெளிச்சம் போதவில்லை.

இலையில் பிசுபிசுப்பு, மேலே கரி பூசினது போல் படலம், தண்டில் எறும்பு வரிசை: மாவுப்பூச்சி அல்லது செதில் பூச்சி. இச்சியின் இளம் இலை நடுவில் மடிந்து மூடியிருந்தால், பிரித்துப் பாருங்கள், உள்ளே கறுப்பு இலைப்பேன் இருக்கும்.

இலை நுனி கருகி, மண்மேல் வெள்ளைப் பொருக்கு: உரம் அதிகம்.

புதுத்துளிர் மட்டும் குறுகி, நாடா போல நீண்டு வெளுத்து வருகிறது: களைக்கொல்லி. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் இதை மறக்கக் கூடாது. பராகுவாட் 2020 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது; கிளைபோசேட் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. காற்றில் வரும் சாரலே போதும். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: புல்லுக்கு மருந்தடித்த அதே முதுகுப் பம்பைக் கழுவிவிட்டு, அதில் வேப்பெண்ணெய் கலந்து போன்சாய்க்கு அடிப்பது. எவ்வளவு கழுவினாலும் குழாயிலும் மூக்கிலும் மிச்சம் நிற்கும். போன்சாய்க்கென்று தனியாக ஒரு சின்னத் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

5. தேவையானவற்றை முன்னதாகச் சேர்த்துவிடுங்கள்

வேரை வெளியே எடுத்த பிறகு கம்பி தேடிக் கடைக்கு ஓடக் கூடாது. திறந்த வேர் நம் வெயிலில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும்.

சத்தே குச்சி (இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி) ஒரு கட்டு. கூரான கத்தரிக்கோல். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹால். சட்டியைவிட ஆழமான வாளி. ஓட்டையை மூட 2, 3 மி.மீ. கண்ணுள்ள பிளாஸ்டிக் வலை (கொசுவலை வேண்டாம், கண் அடைத்துக்கொள்ளும்). மரத்தைக் கட்ட 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி. தண்ணீர்த் தெளிப்பான்.

அழகான ஆழமில்லாத சட்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். காய்கறி அலசும் பிளாஸ்டிக் கூடை, 20 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம், அதுதான் நோயாளியின் கட்டில். எல்லாப் பக்கமும் காற்று புகும், அழுகல் நின்றுபோகும், புது வேர் சீக்கிரம் வரும்.

மண் கலவை: பியூமிஸ் என்னும் நுரைக்கல் 3 பங்கு, உடைத்த செங்கல் அல்லது எரிமலைக் கல் 2 பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு 1 பங்கு. வாட்டர் ஜாஸ்மினுக்கு மட்டைத் துண்டு 2 பங்கு. மேலே சொன்ன கூடைக்கு 3 லிட்டர் தாராளம். துண்டுகள் 3 முதல் 6 மி.மீ. வரை இருக்கட்டும். சலித்து, 2 மி.மீ.க்குக் கீழே உள்ள தூளைக் கண்டிப்பாக நீக்குங்கள். இந்தக் கலவையின் பலனே இடைவெளிகளில்தான் இருக்கிறது. தூள் அந்த இடைவெளிகளை அடைத்துவிடும். சலித்ததைக் கழுவி வையுங்கள்.

வீட்டுப் பின்கட்டுச் செம்மண் வேண்டாம். நிலத்தில் அது நல்ல மண்தான், சட்டியில் இரண்டு மழைக்குப் பிறகு செங்கல்லாக இறுகும். கட்டட மணலும் வேண்டாம், பொடி அதிகம். ஜப்பானிலிருந்து வரும் அக்காடாமா என்ற களிமண் உருண்டை விலை கூடியது, நம் மழையில் சீக்கிரம் கரையவும் செய்யும். புதியவர் அதற்குச் செலவழிக்க அவசியமில்லை.

6. தண்ணீர்க் கணக்கைச் சரிசெய்யுங்கள்

பல மரங்கள் இந்தப் படியோடு தேறிவிடும், வேரைத் தொடவே தேவைப்படாது.

சத்தே குச்சியைத் தூருக்கும் சட்டி விளிம்புக்கும் நடுவில், அடிவரை செருகி 10 நிமிடம் விடுங்கள். உருவிப் பாருங்கள். குச்சி கறுத்து ஈரமாக இருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். கீழ்ப்பாதி லேசாக ஈரம் என்றால் ஊற்றுங்கள். முழுக்கக் காய்ந்திருந்தால் ஏற்கெனவே தாமதம். "தினமும் காலையில் ஒரு கப்" என்ற விதி மழை நாளில் அழுகலையும் வெயில் நாளில் வறட்சியையும் தரும். குச்சி சொல்வதைக் கேளுங்கள்.

ஊற்றும்போது ஓட்டை வழியாக ஓடும்வரை ஊற்றி, 5 நிமிடம் விட்டு மறுபடி ஊற்றுங்கள். முதல் முறை மண்ணின் மேற்பரப்பை நனைக்கும், இரண்டாவது முறைதான் உள்ளே இறங்கும். மேலே பசையால் ஒட்டிய கூழாங்கல் இருந்தால் முதலில் அதைப் பெயர்த்தெடுங்கள். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பரிசுப்பொருளாக விற்கும் மரங்களில் இது சகஜம். தண்ணீர் அந்தக் கல்லின்மேல் ஓடி விளிம்பில் வழிந்துவிடும், வேருக்குப் போகாது.

உள்ளே காய்ந்து கட்டியான மண் மேலிருந்து ஊற்றினால் நனையாது. வாளித் தண்ணீரில் சட்டியை விளிம்புவரை அமிழ்த்துங்கள். குமிழி நிற்க 15, 20 நிமிடம் ஆகும். நின்றதும் எடுத்து வடிய விடுங்கள். ஒரு முறை செய்தால் போதும், இதையே தினசரி வழக்கமாக்காதீர்கள்.

இனி தண்ணீர் தேங்கும் விஷயம். ஆழமில்லாத சட்டி சீக்கிரம் காயும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மேற்பகுதி காய்வது உண்மை. ஆனால் எந்தச் சட்டியிலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் வடியாமல் நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண்துண்டின் அளவு, சட்டியின் ஆழம் அதை மாற்றாது. 5 செ.மீ. ஆழச் சட்டியில் பொடி மண் போட்டால் வேர் முழுவதும் அந்த ஈரப்பட்டைக்குள்ளேயே கிடக்கும். அடியில் ஜல்லி பரப்பினாலும் தீராது, ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும், அவ்வளவுதான்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்து, படுக்கையாகப் பிடித்து வடிய விடுங்கள். சொட்டு நின்றதும் நெட்டாகத் திருப்புங்கள், மறுபடி தண்ணீர் ஓடும். சட்டிக்கும் இதே வழி: தொடர் மழை நாளில் ஒரு பக்கம் 3 செ.மீ. மரத்துண்டு வைத்துச் சட்டியைச் சாய்த்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒருமுறை சாயும் பக்கத்தை மாற்றுங்கள். காசில்லாத வைத்தியம், பலனும் உடனே தெரியும்.

சட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம், ஏடிஸ் கொசு இன்னொரு பக்கம். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் சுகாதாரத் துறையினர் வீடுவீடாகப் பார்த்து அபராதம் விதிப்பது தெரிந்ததுதான். பூச்சட்டித் தட்டைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார்கள்.

7. வேரைத் திறப்பதா என்று முடிவெடுங்கள்

அழுகல் வாடை, ஈர மண்ணிலும் வாட்டம், அசைத்தால் மரம் ஆடுவது, இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் மட்டும் வேரைத் திறங்கள். வெறும் மஞ்சள் இலைக்காகவோ, ஆசைக்காகவோ வேண்டாம். ஆரோக்கியமான மரம்கூடச் சட்டி மாற்றத்துக்குப் பிறகு தளர்ந்துதான் எழும். இது ஏற்கெனவே படுத்த மரம்.

மாலை 5 மணிக்கு மேல் அல்லது மேகமூட்டமான நாளில் செய்யுங்கள். சட்டியைத் திருப்பி, அடியில் கட்டியிருக்கும் கம்பியை வெட்டுங்கள். இதைப் பார்க்காமல் மரத்தைப் பிடித்து இழுத்து வேரைக் கிழித்தவர்கள் பலர். விளிம்போரம் மெல்லிய கத்தியை ஓட்டி, தூரைப் பிடித்து ஆட்டி எடுங்கள்.

நல்ல வேர் வெள்ளை அல்லது இளம்பழுப்பாக, அழுத்தினால் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு உள்ளே நார் மட்டும் மிஞ்சும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சில மரங்களின் நல்ல வேரே கறுப்பாக இருக்கும். இழுத்துப் பார்ப்பதுதான் சோதனை.

பார்த்ததில் எல்லா வேரும் நன்றாக இருந்தால், வேர்க்கட்டை அப்படியே கூடைக்குள் வைத்து, சுற்றிலும் புதுக் கலவையை நிரப்புங்கள். எதையும் வெட்டாதீர்கள், கலைக்காதீர்கள்.

அழுகல் இருந்தால் அழுகிய பகுதியை மட்டும், உறுதியான இடம்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள், இல்லாவிட்டால் அழுகலை நல்ல வேருக்கு நீங்களே கொண்டுபோகிறீர்கள். அழுகிய மண்ணைத் தெளிப்பானால் மெல்லக் கழுவுங்கள். நல்ல வேரோடு ஒட்டிய மண்ணைத் தொட வேண்டாம். வேலை நடக்கும்வரை வேரின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். அரை மணி நேரத்தில் முடியுங்கள்.

நிலத்திலிருந்து தோண்டிச் சட்டிக்கு மாற்றிய மரங்களில் தூருக்கு நேர் கீழே ஒரு களிமண் உருண்டை இருக்கும். சுற்றிலும் ஈரம், அதற்குள் மட்டும் வறட்சி. அதைக் கண்டதும் முழுக்க உடைத்தெடுக்கக் கை துறுதுறுக்கும். மெலிந்த மரத்தில் அதைச் செய்யாதீர்கள். குச்சியால் பத்து, பதினைந்து இடத்தில் குத்தித் துளை போடுங்கள், தண்ணீர் இறங்கட்டும். மரம் தேறிய பிறகு ஒரு ஆண்டில் ஒரு பக்கம், அடுத்த ஆண்டில் மறுபக்கம் என எடுக்கலாம்.

வேர் வெட்டினால் மேலேயும் அதே அளவு வெட்ட வேண்டும் என்று சொல்வார்கள். காய்ந்ததை வெட்டுங்கள், பச்சையை விட்டுவிடுங்கள். புது வேருக்கான சத்து இலையிலிருந்துதான் வர வேண்டும். வேர் பாதிக்கு மேல் போய், இலை துவண்டு தொங்கினால் மட்டும் பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரிக்கலாம்.

8. கூடையில் அசையாமல் நடுங்கள்

ஓட்டைகள் பெரிதென்றால் வலை போடுங்கள். அடியில் கம்பியைக் கோத்து இரு முனையையும் மேலே விடுங்கள். 3 செ.மீ. கலவை, அதன்மேல் மரம், சுற்றிலும் கலவை. கம்பியை வேர்க்கட்டின்மேல் இழுத்து முறுக்குங்கள். பட்டையில் அழுந்தும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர் குழாய் வையுங்கள்.

கட்டுவது அலங்காரத்துக்கல்ல. காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் அப்போதுதான் முளைத்த மயிர் போன்ற வேர் அறுந்துபோகும். தூரைப் பிடித்து ஆட்டினால் கூடையும் சேர்ந்து ஆட வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

குச்சியை மெல்ல மேலும் கீழும் அசைத்துக் கலவையை வேரிடுக்கில் இறக்குங்கள். குத்தக் கூடாது. பிறகு கீழே வடியும் தண்ணீர் தெளியும்வரை ஊற்றுங்கள். கலங்கலாக வருவது மிச்சத் தூள்.

9. பூச்சியை இப்போது கவனியுங்கள்

வேர் நன்றாக இருந்து பூச்சி மட்டுமே காரணமென்றால், 7, 8ஆம் படிகளை விட்டு நேராக இந்தப் படிக்கு வந்திருப்பீர்கள். வேர் வெட்டிய மரத்துக்கு எண்ணெய் மருந்தை மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள், அதுவரை கையால் மட்டும்.

மாவுப்பூச்சி, செதில் பூச்சி: காதுக் குச்சியை ஆல்கஹாலில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டெடுங்கள். கிளை பிரியும் கவட்டையிலும் இலையின் அடியிலும் ஒளிந்திருக்கும். மரம் சின்னது, பொறுமையாகச் செய்ய முடியும்.

மடிந்த இச்சி இலைகளைக் கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கீழே போட்டால் பேன் மறுபடி ஏறும்.

தெளிக்க: 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புத் தண்ணீர். வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடியில். 7 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முறை. முதல் தெளிப்பு முட்டையைக் கொல்லாது. அது பொரித்து வரும்போது அடுத்த தெளிப்பு காத்திருக்க வேண்டும். ஒரு தெளிப்போடு நிறுத்திவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்பார்கள்.

எறும்பு சட்டிக்குள் கூடு கட்டியிருந்தால் அரை மணி நேரம் வாளியில் அமிழ்த்துங்கள். எறும்பு இருக்கும்வரை மாவுப்பூச்சியை அது காவல் காக்கும்.

10. முதல் ஆறு வாரம்

இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். மரத்தைத் தூக்கிப் பார்ப்பது, துளிர் வந்ததா என்று நகத்தால் கிள்ளுவது, இடம் மாற்றுவது, எதுவும் வேண்டாம். குச்சிச் சோதனை, தேவையானால் தண்ணீர், அவ்வளவே.

வேர் அதிகம் இழந்த மரத்துக்கு மட்டும் மேலே தெளிவான பிளாஸ்டிக் பையைக் கவிழ்க்கலாம். நேர் வெயில் ஒரு துளியும் படக் கூடாது, பைக்குள் சூடு ஏறி இலை வெந்துவிடும். காலை, மாலை 10 நிமிடம் திறந்துவிடுங்கள், பூஞ்சை வராது. புது இலை விரியத் தொடங்கியதும் தினமும் திறக்கும் நேரத்தைக் கூட்டி, ஒரு வாரத்தில் பையை எடுத்துவிடுங்கள்.

புகைமூட்ட நாட்களில் இலையில் தூசி படியும். வாரம் இருமுறை இலையைத் தண்ணீரால் கழுவிவிடுங்கள், சட்டிக்குள் ஊற்றாமல்.

இச்சி பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் துளிர்க்கும். அதைக் கண்டதும் மரம் தேறிவிட்டதென்று வெயிலில் வைத்து உரம் போடுவது பெரிய தவறு. முதல் துளிர் தண்டிலிருக்கும் சேமிப்பிலிருந்து வருவது. வேர் வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சியல்ல. அந்த இலைகள் விரிந்து, கெட்டியாகி, கரும்பச்சையாகி, அதன் பிறகு இரண்டாவது துளிர் வருகிறதே, அதுதான் செய்தி.

ஆறு வாரத்தில் ஒன்றும் வரவில்லை, சுரண்டினால் பச்சை இருக்கிறதென்றால் காத்திருங்கள். மூன்று மாதம்கூட ஆகலாம்.

11. வெயில், பிறகு உரம், கடைசியில் கத்தரி

இரண்டாவது துளிர் வந்த பிறகு காலை வெயிலில் 2 மணி நேரம். வாரத்துக்கு 1 மணி நேரம் கூட்டுங்கள். இச்சியும் காகிதப்பூவும் வாட்டர் ஜாஸ்மினும் முடிவில் நாள் முழுக்க வெயில் கேட்பவை. நிழலிலேயே வைத்திருந்தால் மறுபடி மெலியும். பிற்பகல் வெயில் கடுமையான இடமானால் 30 முதல் 50 சதவீத நிழல் வலை கட்டலாம்.

வெயிலுக்குப் பழகிய பிறகு உரம். திரவ உரத்தை லேபிளில் சொன்ன அளவில் பாதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈர மண்ணில் மட்டும். நம் மழை உரத்தைக் கழுவிக்கொண்டு போகும், ஆகவே குறைவாக, அடிக்கடி.

தோட்டத்து உரமூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிவந்து போடுவது இங்கே வழக்கம். செம்பனைக்குப் போடும் எம்ஓபி, பொட்டாசியம் குளோரைடு. ஏக்கர் கணக்கில் பரவிய வேருக்கானது. ஒரு லிட்டர் மண்ணில் அது கரைந்தால் வேரிலிருக்கும் தண்ணீரையே வெளியே இழுத்துவிடும். பச்சைக் கோழி எருவும் அப்படித்தான், கூடவே புழுவையும் கொண்டுவரும். செம்பனைக் குலைச் சாம்பல் காரம் அதிகமுள்ளது, சட்டிக்கு ஒத்துவராது.

கத்தரியை குறைந்தது ஆறு மாதம் எடுக்காதீர்கள். புதுக்கிளைகள் ஒரு சாண் நீளம் வளர்ந்து வடிவம் கெட்டாலும் விடுங்கள், அந்த நீண்ட கிளைதான் வேரையும் தூரையும் தடிப்பாக்குகிறது. பழைய கம்பி ஏதேனும் கிளையைச் சுற்றியிருந்தால் மட்டும் உடனே எடுங்கள். சுற்றை அவிழ்க்க வேண்டாம், கிளை முறியும். துண்டு துண்டாக வெட்டியெடுங்கள். நம் வெப்பத்தில் இச்சி சில வாரங்களிலேயே கம்பியை விழுங்கத் தொடங்கும்.

12. காப்புக்கு நான்கு குச்சி

மரம் தேறுமா என்ற சந்தேகம் நீடித்தால், உயிருள்ள கிளையிலிருந்து நடுவதற்குக் குச்சி வெட்டி வையுங்கள். இச்சிக்கு இது எளிது, வாட்டர் ஜாஸ்மினுக்கும் செய்யலாம். பென்சில் தடிமன், 10 முதல் 15 செ.மீ. நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. பால் வடிந்து நின்ற பிறகு துடைத்துவிட்டு, நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, மேலே சொன்ன கலவையில் பாதி நீளம் புதையுங்கள். நிழலில், ஈரம் குறையாமல். ஒன்றுக்கு நான்காக நடுங்கள், எல்லாம் பிடிக்காது.

தேறிய மரத்தைப் பழைய சட்டிக்கு மாற்றும் நாள் கூடையிலேயே தெரியும். எல்லாப் பக்கத்துக் கண்ணிலும் வெள்ளை வேர் எட்டிப் பார்க்க வேண்டும், கிளைகள் நிற்காமல் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். பெரும்பாலும் ஓராண்டு ஆகும். மாற்றும்போதும் மழை மாதங்களைத் தவிருங்கள், பழைய மண்ணைத் திரும்பப் போடாதீர்கள், அதே சலித்த கலவை.